உலகத்திலே ஒரே ஆரணி

அய்யாக்கண்ணு தன் மருமகள் துர்காவுக்கு மூன்று லட்சம் ரூபாய் கடன்பட்டிருந்தார். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, வட்டியும் கிடையாது. ஊரே முடங்கிக் கிடந்த நோய்க்காலத்தில், அவருடைய சென்ட்ரிங் தகடு வாடகைக் கடையைக் காப்பாற்ற அவள் கழற்றிக் கொடுத்த ஏழு பவுன் அடகுக்குப் போய், வட்டி ஏறி, ஏலத்தில் முழுகிப்போனது. "மூணு வருஷத்துல மூணு லட்சமா உன் கையில எண்ணி வெக்கிறேம்மா. அய்யாக்கண்ணு வாய்ச்சொல்லு ரிஜிஸ்டர் ஆபீஸ் முத்திரை மாதிரி" என்றார் அன்று. முத்திரை விழுந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது. ஏழு பவுன் இன்றைக்கு ஐந்து லட்சத்தைத் தொட்டுவிட்டது. துர்கா ஒருநாள்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார். அவரிடம் பதிலுக்கா பஞ்சம்? கேட்காமல் இருந்ததுதான் சோற்றில் கல் மாதிரி நெருடியது.

லேசுப்பட்ட ஆள் இல்லை அய்யாக்கண்ணு. கலசப்பாக்கத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் மூன்றாம் வகுப்போடு பலகையை வைத்துவிட்டு, பதின்மூன்று வயதில் ஒரு வேட்டி ஒரு துண்டோடு மெட்ராஸுக்கு பஸ் ஏறியவர். கலவைச் சட்டி சுமந்தார். சித்தாளாக இருந்து கொத்தனார் ஆனார், மேஸ்திரி ஆனார். பன்னிரண்டு இரும்புத் தகடு சொந்தமாக வாங்கி வாடகைக்கு விட்டார். பன்னிரண்டு எண்ணூறு ஆனது. கொளத்தூரில் எந்த மாடி வீட்டைக் காட்டினாலும், "அந்தத் தளம் என் தகட்டு மேல வார்த்தது" என்பார். பாதி நிச்சயமாக உண்மை. மீதியும் உண்மையாகத்தான் இருக்கும், யார் போய்த் தோண்டிப் பார்த்தது?

ஊருக்கெல்லாம் தளம் போட்டவர் தனக்கென்று ஒரு தளத்தின் கீழே படுத்ததில்லை. வாடகை வீடுதான். பதினைந்தாயிரமாக இருந்த வாடகையை ஆகஸ்ட் முதல் இருபத்தோராயிரம் ஆக்குகிறேன், இஷ்டம் இல்லையென்றால் ஜூலையோடு காலி செய்யுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மகன் சந்தோஷுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கார் பாகக் கம்பெனியில் வேலை, இருபத்தாறாயிரம் சம்பளம். கூட்டிக் கழித்துப் பார்க்க மூன்றாம் வகுப்பே போதும். சென்னையை விட்டுத்தான் ஆகவேண்டும்.

எந்த ஊருக்குப் போவது என்பதில் ஒரு மாதம் வீடே ரணகளமாயிற்று. ஸ்ரீபெரும்புதூரிலேயே பார்த்தார்கள், வெளிமாநிலப் பையன்கள் ஓர் அறைக்குப் பத்துப் பேராகச் சேர்ந்து வாடகையை ஏற்றிவைத்திருந்தார்கள். காஞ்சிபுரத்தில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டார்கள். அரக்கோணத்தில் வீடு மலிவு, ஆனால் ரயிலை விட்டு இறங்கி இன்னொரு பஸ் பிடிப்பதற்குள் ஷிப்ட் பாதி முடிந்துவிடும். கம்பெனி பஸ் வந்து நிற்கிற ஊராக இருக்கவேண்டும், வாடகை தாங்குவதாக இருக்கவேண்டும். அவ்வளவுதான் தேவை.

"ஆரணிக்கு உங்க கம்பெனி பஸ் போவுதாடா?" என்று ஒருநாள் கேட்டார் அய்யாக்கண்ணு.

மறுநாள் சந்தோஷ் விசாரித்துக்கொண்டு வந்தான். "போவுதுப்பா. காலைல ஆரணியிலேர்ந்து அஞ்சரைக்கு எடுக்கறாங்களாம். ஏழு மணி ஷிப்ட்டுக்கு உள்ள வந்துடுமாம்."

அய்யாக்கண்ணு தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். ஆரணி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சின்ன வயதில் அப்பாவோடு நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த ஊர். அதைவிட முக்கியம், அங்கே இன்னும் போகியத்துக்கு வீடு கிடைக்கும். போகியம் என்றால் மாத வாடகை கிடையாது. மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, பேசிய வருஷம் குடியிருந்து, காலி செய்கிற அன்று கொடுத்த தொகையை முழுசாக வாங்கிக்கொண்டு போகலாம். மிச்சமிருந்த தகடுகளை விற்றதில் அவர் கையில் சரியாக மூன்று லட்சம் இருந்தது.

"அது உன் பணம்மா துர்கா. உன் பணத்துல மூணு வருஷம் வாடகையில்லாம இருப்போம். மூணு வருஷம் கழிச்சு முழுசா உன் கையில."

துர்கா கைப்பேசியில் வழி பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, ஆரணியிலேர்ந்து ஸ்ரீபெரும்புதூர் தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல காட்டுது. ஊர் ஊரா நிறுத்தி ஆள் ஏத்திகினு ஒன்றரை மணி நேரத்துல எப்படி வரும்?"

"டிரைவர் நம்ம ஜில்லா பையனா இருப்பான்."

"டிரைவர் யாரா இருந்தாலும் ரோடு அதேதானே மாமா?"

"ஆரணிய எனக்குக் காட்டறியா நீ? பட்டுன்னா ஆரணி, அரிசின்னா ஆரணி. உலகத்துல ஒரே ஆரணிதாம்மா. நான் அந்த மண்ணுல புரண்டவன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. "சரி மாமா. ரெண்டு விஷயம். அந்த பஸ்ஸை என் கண்ணால பாக்கணும். பாத்த அப்புறம்தான் பணம் கொடுக்கணும்."

"ஆவட்டும்" என்றார். சொன்னது ரிஜிஸ்டர் ஆபீஸ் முத்திரை.

திங்கட்கிழமை அவர் மட்டும் ஆரணிக்குப் போனார், வீட்டைப் பார்த்துவிட்டு வர. ஊர் ஓரத்தில் சேவூரில், அரிசி மண்டி ஸ்ரீபால் நயினாருக்குச் சொந்தமான வீடு. நயினார் தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணிலேயே இருக்கிற சமணக் குடும்பம்; எழுபது வயது, பேச்சில் பதற்றமே இல்லாத மனிதர். இரண்டு அறை, சமையல்கட்டு, போர்த் தண்ணீர், பின்னால் நெல் வயல் காற்று. மெயின்ரோடு நடக்கிற தூரம். மூன்று லட்சம் போகியம்.

"இப்ப போகியத்துல இருக்கறவரு கோபிநாத். வேலூருக்கு மாத்தல். அவர் பணத்த இன்னிக்கே கொடுத்து அனுப்பணும்" என்றார் நயினார். "ஆற்காட்டுப் பார்ட்டி ஒண்ணு மத்தியானம் வரேன்னு சொல்லிகினு கீது. புதன்கிழமையோட ஆனி முடியுது மேஸ்திரி. ஆடி பொறந்தா எவனும் வீடு மாற மாட்டான். யார் முதல்ல கொடுக்கறாங்களோ அவங்களுக்குத்தான்."

அய்யாக்கண்ணுவின் மடியில் பணம் இருந்தது. எதற்கு எடுத்துக்கொண்டு போனார் என்று கேட்காதீர்கள். சொந்தப் பணத்தோடு ஆரணியில் நடக்கவேண்டும் என்று அறுபது வருஷ ஆசை. மத்தியானப் பார்ட்டி என்கிற பேச்சு அவர் காதில் விழுந்ததும் வாய் முந்திக்கொண்டது. "அய்யாக்கண்ணு இருக்கற எடத்துல ஆற்காட்டு பார்ட்டி எங்கேர்ந்து வரும்?" என்றார். கட்டுகளை எடுத்து வைத்தார். ஐம்பதாயிரம் ஐம்பதாயிரமாக ஆறு கட்டு.

நயினார் மண்டிக்காரர். மரக்காலில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லும் பழக்கம், பணத்தை எண்ணும்போதும் அவரை விடவில்லை. "லாபம்... ரெண்டு... மூணு..." என்று ஆறு வரை எண்ணி வாங்கினார். பத்திரத்தை மட்டும் அய்யாக்கண்ணு தன் பெயரில் எழுதச் சொல்லவில்லை. "துர்கான்னு எழுதுங்க. என் மருமவ" என்றார். புதன்கிழமை பால் காய்ச்சும்போது அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டவேண்டும். அவள் முகம் எப்படி மாறும் என்று பார்க்கவேண்டும். பஸ்ஸில் வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டில், "டோக்கன் அட்வான்ஸ் பத்தாயிரம் கொடுத்தேன்" என்றார்.

புதன்கிழமை. நள்ளிரவு பஸ்ஸைப் பிடித்து, நாலரை மணிக்கு ஆரணியில் இறங்கி, ஆட்டோவில் சேவூர் மெயின்ரோட்டு டீக்கடைக்கு வந்து சேர்ந்தார்கள் மூன்று பேரும். பேத்தி இளமதி பாட்டியோடு சென்னையில் இருந்தாள். துர்காவின் கைப்பையில் ஒரு புதுப் பித்தளைப் பாத்திரம், சின்ன அடுப்பு, சர்க்கரை, ஆரணி பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பால் பாக்கெட். பஸ்ஸைப் பார்த்துவிட்டுத்தான் பால் காய்ச்சுவேன் என்று சொல்லியிருந்தாள். சந்தோஷ் கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றான். அந்த பஸ்ஸிலேயே வேலைக்குப் போவதாகத் திட்டம்.

டீக்கடையில் ஏற்கெனவே கூட்டம். பெரும்பாலும் பெண்கள், செய்யாறு பக்கத்து ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். படவேட்டிலிருந்து மொபெட்டில் மகளைக் கொண்டுவந்து விட்டிருந்தார் குமரேசன் என்கிற வாழை விவசாயி. மகள் பவித்ரா சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"தெனம் மூணே முக்காலுக்குக் கிளம்பறோம்யா" என்றார் குமரேசன். "எங்க ஊர்ல பஸ் ஏது அந்நேரத்துக்கு? காட்டு ரோடு. பன்னி குறுக்க ஓடுது. இங்கயே ஒரு வீடு பாத்து அவளையும் அவ அம்மாவையும் வெச்சுடலாம்னு மூணு மாசமா தேடிகினு கீறேன். நீங்க?"

துர்கா நாலடி தள்ளி நின்றாள். அய்யாக்கண்ணு குரலைத் தாழ்த்திக்கொண்டார், ஆனால் அடக்கிக்கொள்ளவில்லை. "நயினார் வூடு. மூணு லட்சம். பேசிகினே இருக்கல, ரொக்கமா எண்ணி வெச்சேன். தூங்கறவனுக்குக் கன்னுக்குட்டியும் கெடைக்காது."

"கொடுத்து வெச்சவருங்க" என்றார் குமரேசன், வருத்தத்தோடு.

ஐந்து பத்துக்கு ஷூ கம்பெனி பஸ் வந்தது. பவித்ரா கண்ணைத் திறக்காமலேயே ஏறினாள். குமரேசன் மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போனார். பிறகு ஒரு பஸ், செய்யாறு போர்டு. இன்னொன்று, ராணிப்பேட்டை போர்டு. ஐந்தரை ஆயிற்று. ஐந்து முப்பத்தைந்து. ரோடு வெளுத்து, வெறிச்சோடியது. அய்யாக்கண்ணு சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பத்திரம் இருந்தது.

"டிரைவர் நம்பர் வாங்கச் சொன்னேனே, போடுங்க" என்றாள் துர்கா.

சந்தோஷ் போட்டான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான். முத்துவேல் என்கிற டிரைவர் எடுத்தார்.

"அண்ணே, நான் சந்தோஷ். ஆரணி ஸ்டாப்ல நிக்கிறேன். எங்க வந்துகினு இருக்கீங்க?"

"நானும் ஆரணிலதான் தம்பி நிக்கிறேன். உன்னைக் காணோமே?"

"டீக்கடை எதிர்லண்ணே."

"நானும் டீக்கடை எதிர்லதான் கீறேன். கையத் தூக்கு பாப்போம்."

சந்தோஷ் காலியான ரோட்டைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

அய்யாக்கண்ணு போனைப் பிடுங்கினார். "யோவ், தறி சத்தம் கேக்குதா உனக்கு?"

"கேக்குதுங்க பெரியவரே. பக்கத்துத் தெருவுலதான்."

"அப்ப இங்கதான் கீற! ஹாரனை அடி!"

முத்துவேல் ஹாரனை அடித்தார். நீளமாக, இரண்டு தரம். கைப்பேசிக்குள் அடித்தது. ரோட்டில் ஒரு காக்கை கரைந்தது, அவ்வளவுதான்.

துர்கா போனுக்குக் குனிந்தாள். "அண்ணே, அடுத்த ஸ்டாப் எது உங்களுக்கு?"

"பெரியபாளையம்மா. அம்மன் கோயில்."

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஓ, அந்த ஆரணியா? திருவள்ளூர் ஜில்லா. அதுவும் தறி ஊருதான். எங்களுக்கு வரவேண்டிய தபால்கூட ஒருதரம் அங்க போயிடுச்சு."

சந்தோஷ் கையை இன்னும் இறக்கவில்லை. துர்கா அதைப் பிடித்து இறக்கிவிட்டாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள். "பரவால்ல மாமா. பத்தாயிரம்தானே. போனா போவுது."

அந்த நிமிஷம் இருக்கிறதே, அதை எதிரிக்கும் கொடுக்கக்கூடாது. பொய்யை இன்னும் ஒருநாள் நீட்டலாம். ஆனால் நாளைக்கு ஆடி, வீட்டுக்கு வேறு ஆள் வராது, பணமும் திரும்பாது. அய்யாக்கண்ணு சட்டைப்பையிலிருந்து பத்திரத்தை எடுத்து நீட்டினார். அவர் கனவு கண்டது மாதிரி இல்லை அது.

துர்கா படித்தாள். தொகையைப் படித்தாள். தேதியைப் படித்தாள். தன் பெயரைப் படித்தாள்.

"மூணு லட்சமும்?"

"உன் பேர்லதாம்மா..."

"என் பேர்ல எழுதிட்டா, என் பணத்த எனக்குத் தெரியாம கொடுத்தது சரியாயிடுமா மாமா?" அவள் குரல் உடைந்தது. "நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதானே. பாத்துட்டு கொடுங்கன்னுதானே கேட்டேன்."

அய்யாக்கண்ணு மண்டியைப் பார்த்து நடந்தார். இருவரும் பின்னால் போனார்கள்.

ஸ்ரீபால் நயினார் மண்டியைத் திறந்துகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் பணம் இல்லை. "அன்னிக்கே கோபிநாத்துக்குக் கொடுத்தாச்சே மேஸ்திரி. போகியப் பணம் பொட்டியில தூங்குமா? வர்ற ஆள் பணம் போற ஆளுக்கு. பேப்பர்ல மூணு வருஷம்னு எழுதிகீது. இருந்தாலும் நான் அடம் பிடிக்கல. அடுத்த ஆள் வந்தா உங்க பணம் உங்களுக்கு."

"எப்ப வருவாங்க?" என்றான் சந்தோஷ்.

"இன்னிக்கி வந்தா இன்னிக்கி. இல்லன்னா ஆவணிதான். ஆடியில எவன் வருவான்?"

ஆவணி என்றால் ஆகஸ்ட் பாதி. ஜூலை முப்பத்தொன்றில் கொளத்தூர் வீட்டைக் காலி செய்யவேண்டும். வேறெங்கும் அட்வான்ஸ் கொடுக்கக் கையில் ஒரு காசு கிடையாது. நயினார் இன்னொன்றும் சொன்னார். அவர்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார்கள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டால் பிறகு பணத்தைத் தொடமாட்டார். "எங்க அப்பா காலத்துலேர்ந்து அப்படி. தப்பா நெனைக்காதீங்க."

அய்யாக்கண்ணு தோளில் துண்டைப் போட்டார். "காலைல ஒருத்தன பாத்தேன். படவேடு. போயி இட்டுகினு வரேன்."

"போன் நம்பர் இருக்கா மாமா?"

"பேரு குமரேசன். வாழைத் தோட்டம்."

துர்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாத்துட்டு கொடுங்கன்னேன், கேக்கல. இப்பவாவது பணத்தோட அவர இட்டுகினு வாங்க."

படவேட்டுக்கு பஸ் எப்போதாவதுதான். சந்தவாசலில் இறங்கி, ஷேர் ஆட்டோவுக்கு ஒரு மணி நேரம் காத்திருந்து, ரேணுகாம்பாள் கோயில் வாசலில் நின்று "குமரேசன், பவித்ரா அப்பா" என்று நாலு பேரைக் கேட்டு, தோட்டத்தைக் கண்டுபிடித்தபோது மணி பதினொன்றரை. குமரேசன் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு அதிர்ஷ்டம்யா" என்று ஆரம்பித்தார் அய்யாக்கண்ணு. "அந்த வூட்ட உங்களுக்கே விட்டுடலாம்னு வந்தேன்."

குமரேசன் மண்வெட்டியை ஊன்றினார். "காலைல எண்ணி வெச்சேன்னீங்க. மத்தியானத்துக்குள்ள விடறீங்க. வூட்ல இன்னா கோளாறு?"

"கோளாறா? நயினார் வூட்லயா? எனக்கு சென்னையில திடீர்னு பெரிய காண்ட்ராக்ட் வந்துடுச்சு. ஆறு மாடி."

"யாராச்சும் தூக்கு போட்டுகினாங்களா?"

"சேச்சே!"

"தண்ணி உப்பா?"

"தேன் மாதிரி இருக்கும்யா! நான் வார்த்த தளம் எத்தன..."

"வேணாங்க" என்றார் குமரேசன். "எம்பொண்ண வெக்கற வூடு. அவசரமா விக்கறவன்கிட்ட மாடு வாங்காதன்னு எங்க அப்பன் சொல்லிகீறான்." மண்வெட்டியை எடுத்து, முதுகைக் காட்டிக்கொண்டு அணைக்க ஆரம்பித்தார்.

அய்யாக்கண்ணு வரப்பில் நின்றார். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. சொல்லக்கூடிய பெருமையெல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றது. எண்ணூறு தகடு, கொளத்தூர் மாடிகள், பதின்மூன்று வயதில் ஏறிய பஸ். ஒன்றும் இந்த ஆளிடம் செல்லாது என்று புரிந்தது. மேஸ்திரியாக இருந்தவருக்குத் தெரியும்: தளம் ஒழுகினால் மேலே எத்தனை பூச்சு பூசினாலும் நிற்காது, ஒழுகுகிற இடத்தைக் கொத்தத்தான் வேண்டும்.

"வூட்ல கோளாறு இல்லய்யா" என்றார். "கோளாறு எங்கிட்ட. கலசப்பாக்கத்துக்காரன், ஆரணி ரெண்டு கீதுன்னு எனக்குத் தெரியாது."

மண்வெட்டி நின்றது. "இன்னா?"

"எம்புள்ள கம்பெனி பஸ் அந்த ஆரணிக்குப் போவுது. பெரியபாளையத்தாண்ட. நான் இந்த ஆரணில பணத்தக் கட்டிட்டேன். உலகத்துல ஒரே ஆரணின்னு எம்மருமவகிட்ட சவால் வுட்டேன். அவ கணக்கு போட்டு சொன்னா, இவ்ளோ தூரம் இவ்ளோ நேரத்துல வராதுன்னு. கேக்கல. அது அவ பணம்யா. அவளுக்குச் சொல்லாமயே கொடுத்துட்டேன்." கடைசி வாக்கியத்தை அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

குமரேசன் அவரையே பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாழைக்கன்று ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். "கலசப்பாக்கத்து ஆளு, ஆரணிய கோட்ட விட்டுட்டாரே!" என்றார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? இந்த மாதிரி பொய் எவனும் சொல்ல மாட்டான். நம்பறேன்" என்றார். "ஆனா எம்பொண்ணு பாத்து சரின்னு சொல்லணும்."

பெண்கள் எல்லோருக்கும் இதே வாசகம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் அய்யாக்கண்ணு.

வாழைத்தார் விற்ற பணம் பாங்கில் கிடந்தது. பாங்கில் சர்வர் படுத்துக்கிடந்தது. ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. அய்யாக்கண்ணு காசாளருடைய கண்ணாடிக்கு முன்னால் நின்றபடியே இருந்தார். "உக்காருங்க பெரியவரே, பேஜார் பண்ணாதீங்க" என்றாள் அந்தப் பெண். மூன்றே முக்காலுக்கு மிஷின் கண் விழித்தது. ஆறு கட்டுகளைத் துணிப்பையில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டார் குமரேசன். அய்யாக்கண்ணு மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து, அவருக்கு முன்னால் அவர் மூன்று லட்சம், மேடு பள்ளமெல்லாம் இடுப்பில் இறங்க, சேவூர் வந்து சேர்ந்தபோது ஐந்தரை.

பவித்ராவின் பஸ் ஆறு மணிக்கு வந்தது. வயல் பக்கம் வெயில் மஞ்சளாகிவிட்டது. நயினார் வீட்டுக்குள்ளிருந்து பாத்திரச் சத்தம் கேட்டது. அவர் மனைவி கமலாவதி எட்டிப்பார்த்து, "ஜல்தி ஆவட்டும், இலை போட்டாச்சு" என்றார்.

பவித்ரா வீட்டைச் சுற்றி வந்தாள். அடுப்பங்கரை பார்த்தாள், குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள், கதவின் தாழ்ப்பாளை மூன்று தரம் போட்டு எடுத்தாள். பிறகு வெளியே நடந்தாள்.

"எங்கம்மா போற?" என்று பதறினார் அய்யாக்கண்ணு.

"ஸ்டாப்புக்கு எத்தினி நிமிஷம்னு பாக்கறேன் தாத்தா."

போய்விட்டு வந்தாள். அதற்குள் அய்யாக்கண்ணு சூரியனை நாலு தரம் பார்த்துவிட்டார். தென்னை மட்டத்துக்கு வந்துவிட்டது.

"ஆறு நிமிஷம்" என்றாள் பவித்ரா. "நாலே முக்காலுக்கு எழுந்தா போதும்ப்பா." அந்தப் பெண் முகத்தில் அப்போதுதான் முதன்முதலாகத் தூக்கம் கலைந்தது.

துர்கா கைப்பையைத் திறந்தாள். பித்தளைப் பாத்திரம், அடுப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் திண்ணையில் வைத்தாள். பால் கமலாவதி வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தது. "பாத்திரத்துக்கு நானூத்தி அம்பது ரூபா. கொடுத்துட்டு நீங்களே காய்ச்சிடுங்க பவித்ரா. ஆனி முடியறதுக்குள்ள."

"அப்ப நாம எங்கம்மா..." என்று இழுத்தார் அய்யாக்கண்ணு.

"அந்த ஆரணிக்குத்தான் மாமா. பகல் பூரா சும்மா உக்காந்திருக்கல. முத்துவேல் அண்ணன்கிட்ட பேசினேன். அங்க வாடகை நாலாயிரத்து ஐநூறு. நாளைக்குப் போயி பாக்கறேன். பஸ்ஸையும் பாக்கறேன்."

"ஆடியில வீடு மாறறதா?"

"ஆடியில எவனும் வரமாட்டான்னு தெரிஞ்சவன்தானே மாமா வாடகையக் குறைப்பான்? நாலாயிரத்துக்கு முடிக்கிறேன்."

குமரேசன் குலுங்கிச் சிரித்தார். "மேஸ்திரியாரே, உங்க வூட்ல மேஸ்திரி யாருன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு!"

அய்யாக்கண்ணுவும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. கண் நயினாரின் கையிலேயே இருந்தது. நயினார் புதுப் பத்திரத்தில் குமரேசனிடம் கையெழுத்து வாங்கினார், பழையதைக் குறுக்கே கிழித்தார், துணிப்பையை அவிழ்த்து ஆறு கட்டையும் சரிபார்த்தார். பழக்க தோஷத்தில் அய்யாக்கண்ணுவின் பக்கம் நீட்டினார்.

அய்யாக்கண்ணு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "பேப்பர் யார் பேர்ல கீது நயினார்?"

நயினார் திரும்பினார். துர்கா ஒரு கணம் மாமனாரைப் பார்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வலது உள்ளங்கையை விரித்து நீட்டினாள். தென்னை மட்டைக்கு நடுவில் சூரியன் இன்னும் கொஞ்சம் இருந்தது.

"லாபம்" என்று முதல் கட்டை வைத்தார் நயினார். "ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு..."

"ஆறு" என்றார் அய்யாக்கண்ணு, அவருக்கு முன்னால்.